தவறான முடிவு என்று ஒன்று உண்டா?

(தோட்டக் கிளையின் குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து பசியாறிக் கொண்டிருந்த நேரத்தில் நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். ஒரு மகன், தலை நரைத்த மகன், எண்பத்தெட்டு வயதுத் தகப்பனாரைப் பார்த்து எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார்: "1957லயே அந்தப் பத்திரத்துக்கு எழுதிப் போட்டிருந்தா நாம ஏம்ப்பா இப்படி ஆகப் போறோம்? நீங்க எடுத்த முடிவு தப்பு." பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். அவரைச் சமாதானப்படுத்தப் போன இளைஞர் ஒருவர், "வாழ்க்கையில தப்பான முடிவுன்னு எதுவுமே இல்ல தாத்தா, எல்லாம் அனுபவந்தான்" என்றார். நல்ல மனத்தோடு சொன்ன சொல்தான். ஆனால் பெரியவர் முகம் அதனாலும் தெளியவில்லை. இந்த இரண்டு பேச்சில் எது சரி என்று அடுத்த கூட்டத்தில் பேசுங்கள் எனச் செயற்குழு பணித்தது. அதனால்தான் இன்று உங்கள் முன் நிற்கிறோம். தகப்பனாரும் மகனும் மூன்றாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அனுமதி பெற்றுத்தான் பேசுகிறோம்.

பால்மரம் வெட்டிய நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குவோம்.

விடியுமுன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்குகிறோம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்து போகும் என்பதால் அந்த இருட்டு வேலை. வானத்தைப் பார்க்கிறோம். மேகம் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. வெட்டுவதா, பொறுப்பதா? வெட்டுகிறோம். மங்கு நிறையும் நேரத்தில் மழை கொட்டுகிறது. பால் பட்டை மேல் வழிந்து மண்ணோடு போகிறது. அன்று ஸ்டோரில் நிறுக்க ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால், "மேகத்தப் பாத்துமா வெட்டுனீங்க?" என்ற கேள்வி வேறு.

இது ஒன்று. இன்னொன்றைப் பாருங்கள். பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே மெல்லிய வளர்தோல் ஒன்று இருக்கிறது. பட்டையைப் பிறப்பிப்பதே அதுதான். அதைத் தொடாமல், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் விட்டுக் கத்தியை நிறுத்து என்பது வெட்டுப் பழக்கும்போது நமக்குச் சொல்லித் தந்த முதற்பாடம். பால்குழாய்கள் அந்தத் தோலை ஒட்டித்தான் அதிகமாக ஓடுகின்றன. ஆகையால் ஆழ வெட்டினால் அன்றைக்குப் பால் கூடும். வாளி நிறையும், நிறுவையில் முள் ஏறும், கங்காணியும் முதுகில் தட்டிக் கொடுப்பார். ஆனால் காயம் விழுந்துவிட்டது. அந்த இடத்தில் வரும் மறுபட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டு கழித்து வெட்டு அந்தப் பக்கம் திரும்பி வரும்போது கத்தி ஓடாது. அப்போது அந்த நிரையில் நிற்பவர் வேறொருவராக இருப்பார். முடிச்சு விழுந்த மரத்துக்கு முன்னால் திட்டிக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

மழையில் பால் போனவனும் நட்டப்பட்டான். ஆழ வெட்டியவன் அன்று லாபம் பார்த்தான். ஆயினும் எவன் செய்தது தவறு என்று கேட்டால் இங்கே உட்கார்ந்திருக்கும் எந்த வெட்டுக்காரரும் ஒரு நிமிடம் கூட யோசிக்க மாட்டார். மழை யார் கையிலும் இல்லை. காயம் கத்தி பிடித்தவன் கையில் இருந்தது. விளைவை வைத்து மட்டும் முடிவை எடை போட்டால், மழையில் நனைந்தவனைக் குற்றவாளி ஆக்கி, மரத்தைக் கெடுத்தவனுக்கு மாலை போட்டு விடுவோம். நம்மைப் பற்றி நாமே பேசும்போது பெரும்பாலும் இதைத்தான் செய்து வருகிறோம்.

நம் முன்னோர் எடுத்த முடிவுகளை நினைத்துப் பாருங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி வசதி, நல்ல மருத்துவம், பெண்களுக்குப் பாதுகாப்பு, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் வைக்கும் உரிமை கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் அது தோற்ற முடிவு. தவறான முடிவு என்று சொல்ல எவனுக்கு நா எழும்? 1954இல் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் ஒன்றுகூடித் தேசியச் சங்கமாக எழுந்தபோது, சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பிள்ளைகளும் அதில் சந்தா கட்டினார்கள்.

சயாமுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சொல். 1942இலும் 1943இலும் ஜப்பானியர் போட்ட ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேர் போனார்கள். பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள் பலர். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், அரிசி கிடைக்கும் என்ற பேச்சை நம்பித் தாமாக லாரியில் ஏறியவர்களும் உண்டு. தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உடம்பு வீங்கிக் கிடந்த காலத்தில் அரிசி என்ற சொல்லுக்கு என்ன எடை இருந்திருக்கும் என்பதை நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து அளக்க முடியாது. ஏறியவர் முடிவு தவறு என்று சொல்ல மாட்டோம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே தலைக்கு இத்தனை என்று ஆள் பிடித்துக் கொடுத்தானே, அவன் முடிவைத் தவறு என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

ஆகவே, "தவறான முடிவு என்று எதுவுமே இல்லை" என்ற பேச்சை நம்மால் ஏற்க முடியவில்லை. அந்தப் பேச்சு ஆறுதலாக இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது யாருக்கெல்லாம் ஆறுதல் என்றும் பார்க்கவேண்டும். ஆள் பிடித்தவனுக்கும் அது ஆறுதல்தான். "நீயாகத்தானே ஒப்புக்கொண்டாய்" என்று சொல்லும் நிர்வாகத்துக்கு அதைவிட ஆறுதல் வேறு கிடையாது. சம்பள நாளன்று ஆபீசுக்குப் பக்கத்திலேயே கள்ளுக்கடையைத் திறந்து வைத்துவிட்டு, குடித்தது உன் முடிவு என்றார்களே, அந்தக் காலத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடித்தவன் பிள்ளையின் பாலுக்கான காசைத்தான் குடித்தான். அது தவறுதான், மழுப்ப வேண்டியதில்லை. கடையை அந்த இடத்தில் வைத்தவன் கணக்கும் அதே பேரேட்டில் எழுதப்பட வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

இனி 1957க்கு வருவோம்.

பெரியவர் 1937இல் தாயின் இடுப்பில் கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். சுதந்திரம் வந்தபோது அவருக்கு இருபது வயதுக்குச் சற்று மேல். சட்டம் என்ன சொன்னது? சுதந்திர நாளில் இந்நாட்டில் வசித்தவர், மனுச் செய்யும் நாளுக்கு முந்திய பன்னிரண்டு ஆண்டில் எட்டு ஆண்டு இங்கே இருந்திருந்தால், நன்னடத்தையும் ஓரளவு மலாய் மொழியறிவும் இருந்தால், விசுவாசப் பிரமாணம் செய்து பிரஜா உரிமை பெறலாம் என்றது. சிலருக்கு மொழிச் சோதனையில் ஓராண்டுச் சலுகையும் இருந்தது. இன்று படித்தால் எவ்வளவு எளிமையாக இருக்கிறது! மகனும் அப்படிப் படித்துவிட்டுத்தான் கேட்டார்.

லயத்தில் அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பெரியவர் எம்மிடம் சொன்னார். காகிதத்தில் எழுதி ஒன்றும் வரவில்லை. ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு வந்தது. அந்தப் பத்திரம் எடுத்தால் இனி ரஜூலாவில் ஏற முடியாது, ஊரில் செத்துப் போனவர்களுக்குக் கொள்ளி வைக்கவும் போக முடியாது என்றார்களாம். அவருடைய அம்மாவுக்கு ஊரில் காலே அரைக்கால் காணி இருந்தது. அது போய்விடும் என்று அழுதாளாம். டவுனுக்குப் போக ஒரு நாள் சம்பளம் போகும். போனால் மறுபடி வா என்பார்கள், இன்னொரு நாள் போகும். இதையெல்லாம் தாண்டி ஒரு நாள் பெரட்டுக் களத்தில், படித்த ஒருவரிடம் போய்க் கேட்டிருக்கிறார். அவர் கேலியாகச் சிரித்துவிட்டு, "பால் வெட்டுற உனக்கு இதெல்லாம் என்னத்துக்கு? நாளைக்கு மரம் ஓடிப் போயிருமா?" என்றாராம். அவர் தமக்கும் தம் வீட்டாருக்கும் முதல் மாதமே மனுப் போட்டு வைத்திருந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

கிராணிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அதே ஆண்டில் லாந்தர் வெளிச்சத்தில் நள்ளிரவு வரை உட்கார்ந்து லயம் முழுக்க மனு எழுதிக் கொடுத்த கிராணிமாரும் இருந்தார்கள். அவர்கள் கையெழுத்தால் நீலக் கார்டு பெற்ற குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே உண்டு. ஒரே சட்டம், ஒரே ஆண்டு. இந்த லயத்துக்கு ஒருவர் விளக்கைக் கொண்டு வந்தார், அந்த லயத்துக்கு ஒருவர் கேலியைக் கொண்டு வந்தார்.

பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியும். 1969இல் பிரஜை அல்லாதார் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக் கப்பலேறினார்கள். பெரியவருக்கு முதலில் கிடைத்த அனுமதி பிறகு புதுப்பிக்கப்படவில்லை. செக்ரோலில் பெயர் இல்லாமல், கண்ட்ராக்டரிடம் பாதிக் கூலிக்குப் புல் வெட்டினார். மகன் படிப்பை நிறுத்திவிட்டுக் காண்டா சுமக்கப் போனான். சிவப்புக் கார்டோடு அறுபது ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஓட்டு இல்லை. மலிவு விலை வீட்டுக்கு மனுப் போட வழியில்லை. மகனுடைய கோபம் வெறுங்கோபமன்று. அவருடைய பள்ளிக்கூடம் அதில் போயிருக்கிறது.

ஆனாலும் மகனுக்கு ஒன்று சொல்வோம். அப்பா வானத்தைப் பார்த்தார். அவருக்குக் காட்டப்பட்ட வானம் அவ்வளவுதான். அது மழையில் போன பால். காயம் ஒன்று இருந்தது, ஆனால் கத்தி அவர் கையில் இருக்கவில்லை. தெரிந்தும் சொல்லாதவர் கையில் இருந்தது.

இதற்கு எதிர்க்கட்சியாக ஒருவர் எழுந்து கேட்கலாம்: தெரியாமல் செய்ததெல்லாம் தவறில்லை என்றால், கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை ஒருவருக்கும் இல்லையா? உண்டு. பெரியவர் கேட்டார் என்பதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னோம். கேட்காமலேயே இருந்தவர்களும் உண்டு. அவர்களை அந்த அளவுக்குக் குறை சொல்லலாம். ஆனால் விளக்கிச் சொல்ல ஆள் வந்தால் நம் மக்கள் எப்படி முடிவெடுப்பார்கள் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு நூறு வெள்ளி, அதையும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்றார்கள். தோட்டம் தோட்டமாக வந்து, தமிழில் பேசி, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். சீட்டுப் பணத்தை ஏமாந்து ஏமாந்து யாரையும் நம்பாமல் இருந்த நம் தாய்மார்கள் அரிசிப் பானையிலிருந்து பத்து வெள்ளி எடுத்தார்கள். அந்தப் பணம் தோட்டமாக மாறியது.

இப்போது, சொல்லாமல் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்த ஒன்றைச் சொல்லவேண்டும். பிறர் தவறையே பேசிவிட்டு மேடையை விட்டு இறங்குவது அழகன்று.

1990களின் நடுவில் நாங்கள் வேலை செய்த தோட்டம் வீடமைப்புக்குக் கைமாறியது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். 1980ஆம் ஆண்டு விதிகளின்படி வேலை நீக்கத்துக்கு நட்டஈடு உண்டு. ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆண்டொன்றுக்கு இருபது நாள் சம்பளம். அது சட்டம் கொடுப்பது, நிர்வாகத்தின் தருமமன்று. அதற்கு மேல் எங்களுக்கு வேண்டியது வீடு. மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு எங்கே போவது? ஒரு திங்கட்கிழமை இரவு கோயில் மண்டபத்தில் கூடி, வீட்டுக்கு வழி சொல்லாமல் ஒருவரும் தனியாகக் கையெழுத்திடுவதில்லை என்று கை தூக்கினோம். எல்லாக் கையும் எழுந்தது.

ஒரு வாரத்துக்குள் கையெழுத்திடுவோருக்கு மேற்கொண்டு ஒரு தொகை என்று ஆபீசில் அறிவிப்பு ஒட்டினார்கள். புதன்கிழமை இருட்டியதும் நாங்கள் நால்வர், ஸ்டோருக்குப் பின்புறமாகப் போய், கையெழுத்துப் போட்டுச் செக்கை வாங்கிக் கொண்டோம். ஒருவருக்கு மகள் கல்யாணம். ஒருவருக்கு வட்டிக் கடன். ஒருவருக்கு மனைவிக்கு ஆபரேஷன். ஒருவருக்கு அப்படி ஒன்றும் இல்லை, மற்ற மூவர் போகிறார்களே, நமக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயந்தான். மறுநாள் காலை எங்கள் நால்வர் பெயரையும் அறிவிப்புப் பலகையில் போட்டுவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகு ஒருவர் இருவராக எல்லோரும் வந்தார்கள். சங்கத்திலிருந்து பேச வந்த அதிகாரியிடம் மானேஜர் சொன்ன பதில் ஒரே வரி: "உங்க ஆளுங்களே போட்டுட்டாங்களே." இரண்டு பசுவும் கொஞ்சம் கீரைப் பாத்தியுமாகத் தனியே இருந்த ஒரு பாட்டிக்கு மகன் வீடும் இல்லை, மகள் வீடும் இல்லை. பசுக்களை வந்த விலைக்கு விற்றுவிட்டு டவுனில் ஒரு கோயில் சத்திரத்தில் போய்ப் படுத்தாள்.

பல ஆண்டு நாங்கள் எங்களுக்குள் சொல்லிக் கொண்டது, அன்றைய நிலைமைக்கு அதுதான் சரி என்பது. எங்கள் பிள்ளைகளும் அப்படித்தான் ஆறுதல் சொன்னார்கள். தேவை இருந்தது உண்மை. கல்யாணமும் கடனும் ஆபரேஷனும் பொய்யல்ல. ஆனால் அது மழையன்று. திங்கட்கிழமை தூக்கிய கை எங்கள் கை. பின்புறமாகப் போனது, செய்வது இன்னதென்று தெரிந்ததனால்தான். மங்கு நிறைந்தது, முடிச்சு அந்தப் பாட்டியின் நிரையில் விழுந்தது. அதைத் தவறான முடிவு என்று இன்று இந்த மேடையில் சொல்கிறோம். நால்வரில் இருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். இருக்கும் இருவர் சார்பாகச் சொல்கிறோம். இப்படிச் சொல்வதால் மானம் போய்விடவில்லை. சொல்லாமல் இருந்த காலத்தில்தான் அந்தப் பாட்டி பெயரை எடுக்கும்போதெல்லாம் தலை குனிந்தோம்.

போன வாரம் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் ஐயா, அன்றைக்கு எழுதிப் போடாதது தவறுதானா என்று நேராகவே கேட்டோம். வெற்றிலையை மடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "ஒரு தடவ கேட்டேன், அவரு சிரிச்சாரு. இன்னொரு தடவ வேற ஆளக் கேட்டிருக்கலாம். வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்காம விட்டேன். அது மட்டுந்தான் என் தப்பு. மிச்சத்த என் தலையில போடாதீங்க" என்றார். அவ்வளவு அளந்து நம்மால் பேச முடியுமா என்று தெரியவில்லை. மகனும் அங்கே நின்று கேட்டுக் கொண்டிருந்தார்.

2018இல் அறுபது வயதைக் கடந்த சிவப்புக் கார்டு இந்தியருக்குப் பிரஜா உரிமை தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது. பெரியவருடைய மனு இன்னும் முடியவில்லை. பழைய காகிதம் ஒன்று குறைகிறது. இவரைப் போல நம் வட்டாரத்தில் இன்னும் எத்தனை பேர் என்று கிளையில் கணக்கெடுத்து வருகிறோம். கூட்டம் முடிந்ததும் வாசலில் இரண்டு மேசை போட்டுக் கிராணிமார் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். சிவப்புக் கார்டு, பிறப்புப் பத்திரம், கப்பல் சீட்டு, பழைய சம்பளப் புத்தகம், பள்ளிக்கூடச் சான்று, எது கிழிந்து கிடந்தாலும் எடுத்து வாருங்கள். மனு எழுத ஒரு காசு வேண்டாம். ஒரு தடவை கேட்டுப் புரியாவிட்டால் இன்னொரு தடவை கேளுங்கள். மேசையில் இருப்பவர்கள் சிரிக்க மாட்டார்கள். பெரியவரின் மகன்தான் முதல் மேசையில் மையும் காகிதமும் எடுத்துக் கொடுக்கிறார்.